முழுக்கக் கேட்கச் சொன்னவள்

றெஜினா போய்விட்டாள் என்ற செய்தி முறைப்படி அவளுடைய அண்ணனுக்குத்தான் முதலில் வந்திருக்கவேண்டும். ஆனால் எனக்கு வந்தது. ஒன்றரை வருடமாக அண்ணனும் தங்கச்சியும் கதைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டு அம்மா காலையில் என்னை ஃபோனில் அழைத்து, “தங்கச்சி, பக்கத்திலை ஆரும் நிக்கினமே? ஒருக்கா இருந்துகொண்டு கேளும்” என்றார். அப்படி ஒருவர் தொடங்கினால் அதற்குப் பிறகு கேட்க என்ன இருக்கிறது. நெஞ்சு நோகுது என்று விடிய எழும்பினவளாம். ஓட்டோ வாசலுக்கு வரும்போது கதிரையிலேயே சாய்ந்துவிட்டாளாம். ஐம்பது வயதும் ஆகவில்லை.

அவளுடைய அண்ணன், என் கணவர், மயிலிட்டித் துறையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் அந்த நேரத்தில் துறைக்குப் போகிறவள் அல்ல. என்னைக் கண்டதும் தலையை நிமிர்த்தினார். “றெஜி…” என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, கையில் இருந்த முடிச்சைப் போட்டு முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “என்ரை சேட்டை எடுத்துத் தா, போட்டுக்கொண்டு வாறன்” என்றார்.

அவளைத் தெரிந்தவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். கோயிலில் அவளோடு பாடினவர்கள், அவளிடம் கீபோட் பழகிய பிள்ளைகளின் தாய்மார், கலியாண வீடுகளில் அவள் வாசித்ததைக் கேட்டவர்கள், துறையடிப் பழைய களஞ்சியத்தில் அந்த இரவு ஆடின பிள்ளைகள். இதில் ஒரு பகுதிக்கு மற்றப் பகுதியைத் தெரியாது. அவள் எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றாள். என் கணவரின் தங்கச்சி என்பதால் எனக்கு மச்சாள். வயதில் எனக்கு இளையவள். உயிரோடு இருந்தபோது அழைத்ததுபோலவே அவள் என்றே எழுதுகிறேன். மாதர் சங்கத்துக் கணக்கை எழுதி எழுதி, கூட்டியும் சொல்லாமல் குறைத்தும் சொல்லாமல் விடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இதையும் அப்படித்தான் எழுதப் பார்க்கிறேன்.

அவளிடம் குறை இருந்தது. பூசைக்குப் பிந்தி வருவாள். முதல் பாட்டுத் தொடங்கும் தறுவாயில் பக்கக் கதவால் ஓடிவந்து கீபோட்டில் இருப்பாள். ஒருமுறை நத்தார்ப் பூசைக்குச் செருப்பு இரண்டும் இரண்டு சோடியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பாடகர் குழுவில் நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு ஆண்டவருக்குத் தெரியும். “மச்சாள், பாலன் பிறந்த அண்டைக்கு ஆரும் காலைப் பாப்பினமே?” என்றாள். நான், “பாலன்தானடி தொட்டிலிலை கிடக்கிறார், அவருக்குக் கால்தான் தெரியும்” என்றேன். அந்தப் பகிடியை அவள் பல வருடம் மற்றவர்களுக்குச் சொல்லித் திரிந்தாள்.

ஆனால் கீபோட்டில் விரலை வைத்தால் வேறு ஆள். கலியாண வீடுகளுக்குப் போகிற இசைக்குழுவில் அவள் ஒருத்திதான் பெண். சாவகச்சேரியில் ஒரு வீட்டில், பெண்ணின் தகப்பன் வந்து, பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வேறொரு பாட்டு வாசிக்கச் சொன்னாராம். இவள் எழும்பிக் கும்பிட்டு, “ஐயா, உங்கடை மகளுக்குப் பாதித் தாலியோ கட்டினவை? இதை முழுக்கக் கேளுங்கோ, பிறகு மற்றது” என்று சொல்லியிருக்கிறாள். சபை சிரித்ததாம், தகப்பனும் சிரித்தாராம். “முழுக்கக் கேளுங்கோ” என்பது அவளுடைய வாயில் எப்போதும் இருந்த சொல். பிள்ளைகளுக்குப் பழக்கும்போதும் அதுதான், என்னோடு சண்டை பிடிக்கும்போதும் அதுதான்.

நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு இலத்திரனியல் இசையில் பைத்தியம் பிடித்தது. பைத்தியம் என்பது என் சொல் அல்ல, அவளே சொன்னது. பிள்ளைகளுக்குப் படிப்பித்து வந்ததில் ஒரு பழைய லப்டொப்பும், பொத்தான்கள் நிறைந்த ஒரு சின்னப் பெட்டியும் வாங்கினாள். இரவிரவாக யூடியூப் பார்த்துப் பழகினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வரும்போது கையில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருக்கும். துறையில் மீன் ஏலம் கூறுகிற குரலைப் பதிவாள். படகு எஞ்சின் பிடிக்காமல் இருமுவதைப் பதிவாள். நான் தேங்காய் துருவும்போது திருவலைக்குப் பக்கத்தில் குந்தியிருப்பாள்.

“மச்சாள், உங்கடை திருவலை நல்லாப் பாடுது. நீங்கள்தான் இடையிலை கதைச்சுக் கெடுக்கிறியள்.”

“அப்ப நீயே துருவு. நான் கதைச்சுக்கொண்டு இருக்கிறன்.”

“எனக்குத் தாளம் பிசகும். இருவது வருசமாத் துருவின கைக்குத்தான் அந்தத் தாளம் வரும்.”

என் கணவர் முற்றத்தில் நின்று, “உவளுக்கு நாளைக்கு நான் குறட்டை விடுறதும் பாட்டுத்தான்” என்பார். அவள் உள்ளேயிருந்து, “அது ஏற்கெனவே எடுத்தாச்சு அண்ணை” என்பாள். அப்போது அந்த இரண்டு பேரும் அப்படித்தான் இருந்தார்கள். அதை எழுதாவிட்டால் பிறகு நடந்ததன் பாரம் உங்களுக்கு விளங்காது.

துறைக்குக் கிட்ட ஐஸ் வைத்திருந்த பழைய களஞ்சியம் ஒன்று இருக்கிறது. சண்டைக் காலத்தில் கூரை போய், நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு யாரோ தகரம் போட்டார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற சாருஜா என்ற பிள்ளையும் அவளுடைய கூட்டாளிகளும் அதை ஓர் இரவுக்கு எடுத்து, இலத்திரனியல் இசை விருந்து ஒன்று வைத்தார்கள். றெஜினாவைத் தனியே ஒரு மணித்தியாலம் வாசிக்கக் கேட்டார்கள். அவள் வந்து என்னைக் கூப்பிட்டாள். “நீங்கள் வராட்டி எனக்குக் கை ஓடாது மச்சாள். செபமாலையும் கொண்டு வாங்கோ, தடையில்லை.” என் கணவர் கடலுக்குப் போகிற நாள் அது. நான் காதில் அடைக்கப் பஞ்சும் கொண்டு போனேன்.

அப்படி ஒரு சத்தத்தை நான் சண்டையில் செல் விழுந்து வெடித்த காலத்துக்குப் பிறகு கேட்கவில்லை. முதலில் பயந்துதான் போனேன். ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கியிருந்தார்கள். அடி காதுக்குள் போகவில்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் போனது. கூரைத் தகரம் ஒவ்வொரு அடிக்கும் கிலுகிலுத்தது. கொழும்பில் இருந்து வந்தவர்கள், கனடாவில் இருந்து லீவில் வந்து நின்ற பிள்ளைகள், பலாலி வீதியால் மோட்டார் சைக்கிளில் இரண்டிரண்டு பேராக வந்து இறங்கின எங்கள் பெடியள் பெட்டையள். சிவப்பு வெளிச்சத்தில் வேர்வை எண்ணெய் பூசினமாதிரி மினுங்கியது. ஒருவன் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான். நிலத்துப் புழுதி முழங்கால்வரை எழும்பி நின்றது. எனக்கென்று கதவடியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டிருந்தார்கள். அந்தக் கதிரையும் என்னோடு சேர்ந்து நடுங்கியது.

றெஜினா சேலை உடுத்து, காலுக்கு ஓட்டப்போட்டிச் சப்பாத்துப் போட்டிருந்தாள். ஏலக் குரல் வந்தது. படகு எஞ்சின் இருமி இருமிப் பிடித்து, அதுவே தாளமாகியது. என் திருவலையும் வந்தது. அதற்கு முந்நூறு பிள்ளைகள் கை தூக்கிக் கத்துவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சிரித்துவிட்டேன். பஞ்சை எடுத்து மடியில் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவள் எல்லாச் சத்தத்தையும் இறக்கினாள். மைக்கில் சொன்னாள்: “இனி வாறது எங்கடை அம்மா. இடம்பெயர்ந்து இருந்த இடத்திலை பாடினவ. ஆடுறவை ஆடுங்கோ, அழுறவை அழுங்கோ. முடியுமட்டும் ஒருதரும் போகாதேங்கோ.”

என் மாமியின் குரல் எழும்பியது. பெரிய வெள்ளிக்கு முந்தின தபசுகாலத்தில் எங்கள் பெண்கள் பாடுகிற மாதாவின் வியாகுலப் பாட்டு. மகனை மடியில் கிடத்திவைத்துத் தாய் புலம்புவது. கோயிலில் அதற்கு எழும்பி நிற்பதுதான் எங்கள் வழக்கம். நான் எழும்பி நின்றதை நின்ற பிறகுதான் அறிந்தேன். சிலுவை அடையாளம் போட்டேன். குரலுக்கு அடியில் அவள் மெல்ல மெல்ல அடியைச் சேர்த்தாள். முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஆடத் தொடங்கினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை என் காதுக்குள் கத்தினாள்:

“ஆன்ரி, ஆர் பாடுறது?”

“என்ரை மாமி.”

“இப்ப எங்கை இருக்கிறா?”

“செத்துப் போனா பிள்ளை. கனகாலம்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். கன்னத்தால் தண்ணீர் வடிந்தது. துடைக்கவில்லை. ஆடுகிறவர்களைக் கண்டு முகம் சுளிக்கத்தான் நான் வளர்க்கப்பட்டவள். ஆனால் அன்று அங்கே பாவம் ஒன்றையும் காணவில்லை. கண்டிருந்தால் எழுதியிருப்பேன்.

ஆடினவர்களில் யாரோ ஃபோனில் ஒரு துண்டு வீடியோ எடுத்து முகநூலில் போட்டுவிட்டார்கள். சேட்டில்லாத ஒரு பெடியன் போத்தலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குதிக்கிறான். பின்னால் மாமியின் குரல். போத்தலில் இருந்தது தண்ணீர். நான் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றவள். படத்தில் அது வேறுமாதிரித் தெரிந்தது. இவர் கரைக்கு வந்ததும் துறையில் யாரோ அதைக் காட்டிவிட்டார்கள்.

மாமி அந்தப் பாட்டைக் கசற்றில் பாடிப் பதிந்த அதே வருடத்தில், இடம்பெயர்ந்து இருந்த இடத்தில், காய்ச்சலுக்கு மருந்தில்லாமல் செத்துப்போனா. ஊர்க்கோயில் மணி அடிக்கவில்லை. ஊர்ச் சேமக்காலையில் அடக்க இடமும் கிடைக்கவில்லை. அந்தக் கசற்றை அதற்குப் பிறகு இவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க ஏலாது என்று தங்கச்சியிடமே கொடுத்துவைத்தார். அப்படிப் பொத்திவைத்திருந்த குரலை அந்தப் படத்தில் கேட்ட மனுசனை நான் குறை சொல்லமாட்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். இவர் படலைக்குப் போய் வழியிலேயே மறித்துக்கொண்டு நின்றார்.

“அம்மாவைக் குடிகாரருக்கு ஆட விட்டனியே?”

“அண்ணை, ஆரும் குடிக்கேல்லை. மச்சாளைக் கேளுங்கோ.”

“மச்சாளை ஏன் கேக்கிறன்? எனக்குக் கண் இல்லையே?”

“அது ஒரு துண்டு அண்ணை. முழுதும் என்னட்டை இருக்கு. ஒருக்கா முழுக்கக் கேளுங்கோ. பிறகு அடிக்கிறதெண்டாலும் அடியுங்கோ.”

“கேட்டது காணும். இனி இந்தப் படலை திறக்காது.”

நானும் சொன்னேன், அன்றும் பிறகும். நான் சொன்னதெல்லாம் அவர் காதில் தங்கச்சிக்காரியின் கட்சியாகத்தான் விழுந்தது. இதை வாசிக்கிற எங்கள் சங்கத்துப் பெண்களில் சிலருக்கும் அது பிடிக்கவில்லை. எனக்கு முகத்துக்கு நேரே சொன்னீர்கள். றெஜினா அதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. கோயிலில் வழமைபோலப் பிந்தி வந்து, வழமைபோல வாசித்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அண்ணை அதை ஒருமுறை முழுக்கக் கேட்கவேண்டும். “அவர் கேட்டிட்டு என்னை ஏசினால் நான் சந்தோசமா வாங்கிக்கொள்ளுவன் மச்சாள். கேக்காமல் ஏசிறதைத்தான் தாங்க ஏலாமல் கிடக்கு” என்று எனக்குச் சொன்னாள். ஒலிப்பதிவை என் ஃபோனுக்கு அனுப்பியும் வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் அதைப் போட்டேன். முதல் அடி விழுந்ததும் இவர் கோப்பையோடு எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். பிறகு நான் போடவில்லை.

கோவம் இருந்தாலும் பாசம் போகவில்லை என்பதற்குக் கோயில் திருவிழா அன்னதானத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று பேரும் ஒரே பந்தலுக்குக் கீழே நிற்கிறோம். இவர் என்னிடம், “உவள் சாப்பிட்டவளோ எண்டு கேள்” என்றார். அவள் கையெட்டும் தூரத்தில் நின்றாள். நான் திரும்பமுதலே அவள் என்னிடம், “சாப்பிட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. பருப்புக்கு உப்புக் கூட எண்டும் சொல்லுங்கோ” என்றாள். இவர், “உப்பைக் குறைச்சால் இவளின்ரை வாய் குறையுமோ எண்டு கேள்” என்றார். நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் வாய்க்கோடியில் சிரிப்பு வந்து, இரண்டு பேரும் அதை விழுங்கினார்கள். இன்னும் ஒரு சொல் கதைத்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஒருவரும் கதைக்கவில்லை.

செத்த வீட்டில் இவர் அழவில்லை. பெட்டியைச் சேமக்காலைவரை தோள் மாற்றாமல் தூக்கினார். ஆட்கள் வந்து மாற்றக் கேட்டார்கள், தலையை ஆட்டிவிட்டார். மண் போட்ட பிறகும் நின்றார். நான் கையைப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பின்னேரம், சாருஜா எங்கள் வீட்டுப் படலையடியில் வந்து நின்றாள். கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்.

“மாமா, அக்கா அண்டைக்கு வாசிச்சது முழுதும் எங்களட்டை இருக்கு. அக்காவின்ரை பேரிலை வெளியிட விருப்பம். அம்மம்மாவின்ரை குரல் இருக்கிறதாலை உங்களைக் கேக்காமல் செய்யமாட்டம். நீங்கள் வேண்டாமெண்டால் விட்டிடுவம்.”

இவர் அவளை உள்ளே வரச் சொன்னார். பிறகு உள்ளே போய்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து, பூசைக்கு இருப்பதுபோல நிமிர்ந்து கதிரையில் இருந்தார். “போடு பிள்ளை” என்றார்.

அவள் சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் போட்டாள். ஏலம் போனது, எஞ்சின் போனது, திருவலை போனது. றெஜினா மைக்கில் சொன்னதைக் கேட்டபோது இவருடைய கை தொடையில் இறுகியது. மாமி பாடத் தொடங்கினா. பாட்டின் இரண்டாம் வரியின் நடுவில் இவர், “நிப்பாட்டு” என்றார். சாருஜா வெளிறிப்போனாள். இவளையும் அனுப்பிவிடுவார் என்று நினைத்து நானும் படலைப் பக்கம் பார்த்தேன்.

“அந்த இடத்தைத் திருப்பி விடு.”

விட்டாள். அந்த இடத்தில் மாமியின் குரல் கொஞ்சம் மேலே ஏறி, யாரோ பின்னால் துரத்தினதுபோல விரைந்து, பிறகு இறங்கித் தன் நடைக்கு வரும்.

“உதிலை குரல் ஏறுதெல்லே? அது அம்மா இல்லை. அது நான்.”

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தத் தபசுகாலத்தில் றெக்கோடருக்குப் பற்றரி வாங்க வழியில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் எடுத்து றெக்கோடருக்குக் கொடுத்தார்கள். அம்மா பாட, தங்கச்சி பொத்தானை அமத்திக்கொண்டு இருக்க, இவர் பெடலைக் கையால் சுற்றினார். “சாப்பாடில்லாத நாள். அந்த இடத்திலை எனக்குக் கை சோர்ந்து போச்சு. மெல்லச் சுத்தினால் றெக்கோடரும் மெல்ல ஓடும். பிறகு நல்ல கறண்டிலை போட்டுக் கேக்கேக்கை அந்த இடம் மட்டும் விரைஞ்சு ஏறும். அவள் சின்னப் பெட்டை, ‘சுத்துங்கோ அண்ணை, சுத்துங்கோ அண்ணை’ எண்டு கண்ணாலை கெஞ்சினவள். வாய் திறந்தால் பதிவாகிப்போடும் எல்லே.”

சாருஜா மெதுவாகச் சொன்னாள். “நாங்கள் அக்காவிட்டைச் சொன்னனாங்கள் மாமா, அந்த இடத்தைக் கொம்பியூட்டரிலை நேராக்கலாம் எண்டு. ஒரு நிமிச வேலை. அக்கா விடேல்லை. ‘அதிலை கை வையாதேங்கோ பிள்ளையள், அதிலை எங்கடை அண்ணை இருக்கிறார்’ எண்டவ.”

செத்த வீட்டில் வராத அழுகை அப்போதுதான் இவருக்கு வந்தது. குனிந்து, சேட்டின் முன்பக்கத்தால் முகத்தை மூடிக்கொண்டார். சாருஜா ஸ்பீக்கரை நிறுத்தக் கையை நீட்டினாள். அவர் முகத்தை மூடியபடியே கையை ஆட்டித் தடுத்தார். அது முடியுமட்டும் ஓடியது. பெடியள் கத்துகிற சத்தம், கூரைத் தகரத்தின் சத்தம், கடைசி அடி, அதற்குப் பிறகு யாரோ றெஜினாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற குரல், எல்லாம் கேட்டோம். முடிந்ததும், “வெளியிடுங்கோ. ஒரு இடமும் வெட்டக்கூடாது” என்றார். சாருஜாவுக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

கேட்கவேண்டியவர் கேட்டுவிட்டார். அதை அறியவேண்டியவள் இல்லை. இந்த வரவுக்கும் செலவுக்கும் நடுவில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அறிந்திருப்பாள் என்று விசுவாசம் சொல்கிறது. விசுவாசிக்கிறேன். ஆனாலும் சமையலறையில் தனியே நிற்கும்போது அழுகைதான் வருகிறது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். மாமிக்குப் பிறகு அந்த வியாகுலப் பாட்டை எங்கள் பெண்களுக்குப் பழக்கினவள் றெஜினாதான், அந்தக் கசற்றைப் போட்டுப் போட்டு. இரண்டாம் வரியின் நடுவில் நாங்கள் எல்லோரும் ஒரே மூச்சில் ஏறி விரைந்து இறங்குகிறோமே, அதைப் பழைய மெட்டு என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அது மெட்டு அல்ல. பசியோடு சைக்கிள் சுற்றின ஒரு அண்ணையின் கை சோர்ந்த இடம். அவளுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் எங்கள் எல்லோரையும் அதைப் பாடவைத்தாள், அவர் கோயில் வாசலில் நின்று கேட்க.

வருகிற பெரிய வெள்ளிக்குக் கீபோட்டில் வேறு யாரோ இருப்பார்கள். புதிதாகப் படித்தவர்கள், அந்த இடம் பிழை, திருத்துவோம் என்று சொல்லவும் கூடும். நான் அந்த இடத்தில் ஏறித்தான் பாடுவேன்.